மலைக்கு முன்னால் ஒரு மேம்பாலம்

அக்கா மகள் அனுப்பிய வீடியோவை நான் கடையில் வைத்துத்தான் பார்த்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சட்டைத்துணிப் பிரிவில் நிற்பவன் நான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் இருக்காது. பிரித்துப் போட்ட துணிகளை மடித்துக்கொண்டே, மேஜைக்குக் கீழே போனை வைத்துப் பார்த்தேன். தடித்த டயர் போட்ட சைக்கிளில் நாலு பேர் காட்டுக்குள் போகிறார்கள். பாதை மேலே மேலே ஏறுகிறது. ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. பேசிச் சிரித்துக்கொண்டே ஏறுகிறார்கள். கீழே அவள் எழுதியிருந்தாள்: "மாமா, இது பேட்டரி சைக்கிள். ஏற்காட்டுல ஒருநாள் வாடகைக்குக் கெடைக்குது. அம்மாவக் கூட்டிட்டு வாங்க."

அவள் சேலத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா, அதாவது என் அக்கா, சிதம்பரத்தில் தனியாக இருக்கிறாள். அக்கா வீட்டுக்காரர் தவறி அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதமும் அக்கா வாசல் கேட்டைத் தாண்டவில்லை. காய்கறி வண்டி தெருவிலேயே வருகிறது. மளிகைக்குப் போன் செய்தால் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். ஓர் ஆள் வெளியே போகாமலே இருந்துவிட இப்போது எல்லா வசதியும் இருக்கிறது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கருமாதி முடிந்ததும் துக்க வீட்டுக்காரர்களை அவரவர் மாமன் மச்சான் வந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். பெரும்பாலும் சினிமாவுக்குத்தான். படம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இடைவேளையில் ஒரு காபி வாங்கிக் கொடுத்து, முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட்டால் துக்கம் கழிந்ததாக அர்த்தம். மறுநாளிலிருந்து கடைக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம். புருஷனை இழந்தவளை அவள் கூடப்பிறந்தவன்தான் முதலில் வெளியே அழைத்துப்போக வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி.

கருமாதி அன்றைக்கு என்று பார்த்து அப்படி ஒரு மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை. தியேட்டர் மூடிக் கிடந்தது. தண்ணீர் வடியட்டும் என்றார்கள். வடிந்தது. அதற்குப் பிறகு நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். ஒருமுறை படத்துக்கு. "தலவலிக்குது தம்பி" என்றாள். இன்னொரு முறை, கடலூர் வந்து பீச்சில் கொஞ்சம் காற்று வாங்கலாம் வா என்றேன். "காத்து இங்கியும்தான் அடிக்குது" என்றாள். எதையும் வற்புறுத்திச் சொல்ல எனக்கு வராது. கடையிலேயே "இத எடுங்க சார், நல்லா இருக்கும்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. துணியைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டுவேன். அவ்வளவுதான் என் வியாபாரம்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டால் அக்கா ஒரே பதில் வைத்திருந்தாள். "என்னிய இன்னும் பொறந்த வூட்ல கூட்டிட்டுப் போவல." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். போகப் பிடிக்காதவளுக்கு அது ஒரு தாழ்ப்பாள் மாதிரி ஆகிவிட்டது. அதை உள்ளேயிருந்து அவளும் திறக்கவில்லை, வெளியேயிருந்து என்னாலும் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனை அவள் முன்னால் தரையில் வைத்து வீடியோவை ஓடவிட்டேன். அவள் கை வெங்காயத்தில் இருக்க, கண் மட்டும் பார்த்தது. முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடு" என்றாள். மறுபடி பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏத்தத்துல நாமளும் மிதிக்கணுமா, அதுவே இழுத்துக்கினு போயிடுமா?"

ஏழு மாதத்தில் அவள் ஒரு விஷயத்தைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. உடனே சேலத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மிதிக்கணும்மா. நீ மிதிச்சாத்தான் அது ஒதவும். நீ நிறுத்துனா அதுவும் நிறுத்திடும்" என்றாள் மகள்.

"அது பரவால்ல" என்றாள் அக்கா. "மோட்டார் வண்டி மாதிரி ஓடுச்சின்னா எனக்குப் பயம்."

அக்கா ஒரு காலத்தில் நன்றாக சைக்கிள் ஓட்டியவள். கல்யாணமான புதிதில் டெய்லரிங் சென்டருக்குத் தினமும் சைக்கிளில்தான் போய்வந்தாள். பிறகு மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், மொபெட் வாங்கினார். "வண்டி வந்தப்புறம் பின்னாடியே உக்காந்துட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னாள். வருத்தமாகச் சொல்லவில்லை. அந்தப் பின்சீட்டில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அந்த மொபெட் இப்போது உறை போட்டு மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது.

அதற்குப் பிறகு மூன்று நாலு ஞாயிறுகள் எங்களுக்கு இதே வேலையாக இருந்தது. அக்கா வெங்காயமோ கீரையோ வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் எதிரில். மகள் போனுக்குள் இருந்து பேசுவாள். விருத்தாசலம் வழியாக ரயிலில் சேலம் போவது, முதல் நாளே போய் மகள் அறையில் தங்குவது, காலை முதல் பஸ்ஸில் மலையேறுவது என்று முடிவானது. புளிச்சோறு அக்கா கட்டிக்கொண்டு வருவாள். அங்கே குளிரும் என்பதால் ஆளுக்கொரு ஸ்வெட்டர். குளிர் என்றால் எங்களுக்கு மார்கழி விடியற்காலை அளவுதான் தெரியும். அதற்கு மேல் எவ்வளவு என்று மகள் சொல்லச் சொல்ல, அக்கா இரண்டு போர்வையைப் பையில் சேர்த்தாள்.

பாதையை நான்தான் முதலில் போட்டேன். போனில் மேப்பைப் பெரிதாக்கி, இரவு வீட்டில் உட்கார்ந்து பார்த்துப் போட்டது. வாடகைக் கடை மலைமேல் ஏரிப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிக் காப்பித் தோட்டங்கள் வழியாகக் கீழே ஒரு கிராமம் வரைக்கும் போய், ஓடைக்கரையில் சாப்பிட்டு, அதே வழியில் திரும்புவது. பேட்டரி எவ்வளவு தூரம் வரும் என்று கடைக்காரர் சொன்னாரோ, அதற்குள் போகவும் வரவும் சரியாக அடங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது. மகளிடம் சொன்னேன். போனில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

"மாமா! காலைல ஃபுல் பேட்டரிய வச்சிக்கினு இறங்கிப் போறீங்க. சாயங்காலம் எல்லாம் தீந்தப்புறம் ஏறி வரீங்க. அம்மா சைக்கிளையும் சேத்து நீங்கதான் தோள்ல தூக்கிக்கினு வரணும்."

"அவனச் சொல்லி என்னாடி பண்றது?" என்றாள் அக்கா. "நம்ம ஊர்ல போறதும் வரதும் ஒண்ணுதான?"

உண்மைதான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எங்கும் மேடு கிடையாது. எங்களுக்கு ஏற்றம் என்றால் காற்றுதான். எதிர்க்காற்றில் மிதிப்பது ஏற்றம், காற்று முதுகில் அடித்தால் இறக்கம். அதனால்தான் அக்கா அடுத்து இப்படிக் கேட்டாள்:

"மத்தியானத்துக்கு மேல அங்க காத்து எந்தப் பக்கம்டி அடிக்கும்?"

"அம்மா, அது மலைம்மா. கடல் இல்ல."

"மலைன்னா காத்து அடிக்காதா?"

"கடைக்காரர கேட்டுச் சொல்றேன்" என்று மகள் போனை வைத்துவிட்டாள். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். பிறகு, காலையில் ஏறி மாலையில் இறங்கும்படி பாதையைத் திருப்பிப் போட்டோம். மலைமேல் கோயில் இருக்கும் உச்சி வரை காலையில் ஏறிவிடுவது, மதியம் தோட்டங்கள் வழியாக மெல்ல இறங்கிக் கடைக்கே வந்துவிடுவது.

அமாவாசை வந்தது. மாமா படத்துக்குப் படையல் போட அவருடைய அண்ணனும் அண்ணியும் புவனகிரியிலிருந்து வந்திருந்தார்கள். பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்குள்ளும் கடைசி சீட்டுக்குக் கேட்கும்படிதான் பேசுவார். இலையில் உட்கார்ந்து சாம்பார் முடியும் நேரம், தொண்டையைச் செருமினார்.

"புள்ள போன்ல சொல்லிச்சு. ஏற்காடு போறீங்களாமே?"

அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது.

"துக்கத்துக்கு ஒரு வருஷம் மலை ஏறக்கூடாதுன்னு தெரியாதா? திருப்பதிக்குப் போவக்கூடாது, பழனிக்குப் போவக்கூடாது. மொதல்ல வருஷ தெவசம் முடியட்டும்."

"பேட்டரி சைக்கிளாங்க" என்றார் அவர் மனைவி. "நாம ஏற வேணாமாம். அதுவே ஏறுமாம்."

"நீ சும்மா இரு. சைக்கிள் ஏறுனா என்னா, ஆளு ஏறுனா என்னா? போய் நிக்கிற எடம் மலைதான?"

"சரி மாமா. போவல" என்றாள் அக்கா.

அவள் அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாராவது வேண்டாம் என்று சொல்லக் காத்திருந்தவள் மாதிரி இருந்தது. ரசக் கரண்டி மறுபடி அசைந்தது. இத்துடன் விஷயம் முடிந்துவிடும், அடுத்த ஞாயிறு நான் வரும்போது வெங்காயம் மட்டும்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"என்னா மச்சான், நீ ஒண்ணும் பேசமாட்டியா? வழக்கம்போல சோத்தையே பாத்துக்கினு இருக்கிற?" என்று பெரியவர் என்னைச் சீண்டினார். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து அவர் அதைக் கேட்கவில்லை.

நான் இலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "கருமாதிக்கு நாங்க அக்காவ வெளிய கூட்டிட்டுப் போவணும் மாமா. அன்னிக்கு மழை. போவ முடியல. அந்த முறை இன்னும் செய்யாமயே நிக்குது."

"அதுக்கு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயேன். யாரு வேணாம்னா? மலை எதுக்கு?"

"சினிமாவுக்கு வரமாட்டேன்னிடுச்சு. பீச்சுக்கும் வரமாட்டேன்னிடுச்சு. இது ஒண்ணுக்குத்தான் வரேன்னிச்சு." குரல் எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "எங்க கூட்டிட்டுப் போறதுன்றத கூப்பிடறவங்கதான மாமா சொல்லணும்? அது எங்க பக்கத்து முறைதான?"

சொன்ன பிறகு வியர்த்துவிட்டது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"கூப்பிடறது உங்க பக்கம்தான். அத நான் இல்லன்னு சொல்ல முடியாது" என்றார் கடைசியில். பிறகு, இதுவரைக்கும் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத குரலில், "என்னியக்கூடத்தான் எவனும் வந்து கூப்பிடல. செத்தவன் எனக்குத் தம்பி. எம் மச்சானுங்க எங்க போனானுங்க?" என்றார்.

"ஏன், எங்கண்ணன் மறுநாளே தண்ணியில ஆட்டோவத் தள்ளிக்கினு வரல? நீங்கதான் கதவையே தொறக்கல" என்றார் அவர் மனைவி.

"என்னா படம்னு அவன் சொன்னானா?"

"சொன்னா மட்டும் போயிருப்பீங்களாக்கும்!"

பெரியவர் ரசத்தைக் குடித்தார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மொளகு ஜாஸ்தியாயிடுச்சும்மா" என்றார் அக்காவிடம். ரசத்தில் மிளகு ஒன்றும் ஜாஸ்தி இல்லை. நானும் அதைத்தான் குடித்தேன்.

கை கழுவும்போது அவர் தீர்ப்பைச் சொன்னார். "அந்த மலைமேல கோயில் ஒண்ணு இருக்குல்ல? அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கக்கூடாது. கோயில விட்டுட்டா மிச்சம் எல்லாம் வெறும் காடு. காட்டுக்குப் போவாதன்னு யாரும் சொல்லல." வண்டி ஏறும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "பேசத் தெரியுது மச்சான் உனக்கு. இத்தினி வருஷம் ஏமாத்திட்டயே."

நாங்கள் மறுபடியும் மேப்பை எடுத்து உட்கார்ந்தோம். கோயிலை விட்டுவிட்டு ஏறுவதற்கு வழி தேடினோம். மகள் புலம்பினாள். "மாமா, அங்கேர்ந்து பாத்தாதான் மலை முழுசும் தெரியும். எல்லாரும் அதுக்குத்தான் போறாங்க." நான், வேண்டாம்மா, பெரியப்பாவிடம் ஒப்புக்கொண்டாயிற்று என்றேன். கடைசியில், கடைக்காரரைக் கேட்டு அவளே ஒரு மண்பாதையைக் கண்டுபிடித்தாள். மிளகுக்கொடி படர்ந்த உயரமான மரங்களுக்கு நடுவே ஏறி, வேறொரு மேட்டில் முடிகிற பாதை. அங்கே கோயிலும் இல்லை, கடையும் இல்லை. காட்டெருமை மட்டும் சில சமயம் நிற்குமாம். அதை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று மகள் தனியாக எனக்குச் சொன்னாள். அக்காவும், சேலையில் ஓட்ட முடியாது என்ற விஷயத்தைப் பெரியவரிடம் சொல்ல வேண்டாம் என்று எனக்குச் சொன்னாள். எங்கள் கடையிலிருந்து கரும்பச்சையில் ஒரு காட்டன் எடுத்துச் சுடிதார் தைக்கக் கொடுத்தேன். அளவு கேட்கவில்லை. பார்த்தே சொல்லிவிடலாம். முன்னைவிட அவள் நிறைய இளைத்திருந்தாள்.

வாடகை சைக்கிள் கடைக்காரர் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். முன்பின் ஏற்றத்தில் ஓட்டாதவர்கள் ஒருநாளாவது எங்கேயாவது ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வரவேண்டும். சிதம்பரத்தில் அதற்கு இருப்பது ஒரே இடம்தான். ரயில் பாதைக்கு மேலே அண்ணாமலை நகர் போகிற மேம்பாலம். எதிர் வீட்டில் இருக்கும் பேப்பர் ஏஜெண்ட் ஒரு பேட்டரி சைக்கிள் வைத்திருந்தார். மலையில் ஓட்டும் ரகம் இல்லை. ஆனாலும் மிதித்தால் உதவுகிற ரகம்தான்; ஏற்றத்தில் ஒரு பட்டனை அமுக்கினால் உதவி கூடும். காலையில் பேப்பர் போட்டு முடித்ததும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

முந்தின நாள் ராத்திரியே போய் அக்கா வீட்டில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் பேப்பர்காரர் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தூங்கப் போனார். அக்கா கரும்பச்சைச் சுடிதார் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்கு குத்தி, தலை வாரி வந்தாள். கேட்டுக்கு உள்ளே நின்றாள்.

"தம்பி, லேசா தலவலிக்கிற மாதிரி இருக்குடா."

பாலத்தில் இப்போது வண்டி இருக்காது, சீக்கிரம் வந்துவிடலாம், ஒருதரம் மட்டும் என்று சொல்வதற்கு நிறைய இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. சைக்கிளைத் தெருவுக்கு நகர்த்தினேன். வெயில் அப்போதுதான் தெருவின் அந்தப் பக்கத்தில் விழ ஆரம்பித்திருந்தது. அங்கே கொண்டுபோய் ஸ்டாண்ட் போட்டு, சீட்டை அவள் உயரத்துக்கு இறக்கி, கையால் ஒருதரம் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். கடையில் செய்வதைத்தான் செய்தேன்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

தெருமுனை வரைக்கும் தள்ளாடினாள். அதற்குப் பிறகு கால் அதுவாகவே ஞாபகப்படுத்திக்கொண்டது. நான் பேப்பர்காரருடைய பழைய சாதா சைக்கிளில் பின்னால் போனேன். பாலத்தின் ஏற்றம் ஆரம்பித்ததும் "பட்டன அமுக்கு, பட்டன அமுக்கு" என்று கத்தினேன். அமுக்கினாள் போலிருக்கிறது. யாரோ பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டது போல வண்டி போனது. எனக்குப் பாதி ஏற்றத்திலேயே மூச்சு முட்டியது. இறங்கித் தள்ளினேன். நிமிர்ந்து பார்த்தபோது பாலத்தின் உச்சியில் துப்பட்டா நுனி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

உச்சியில் நின்று திரும்புவதாகத்தான் பேச்சு. நான் உச்சிக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. கீழே ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. பிரேக் பிடிக்காமல் போய்விட்டாளோ, கீழே பஸ் எதுவும் வந்ததோ என்று என்னென்னவோ தோன்றியது. அந்தப் பக்க இறக்கத்தில் சைக்கிளை ஓட்டவும் மறந்து, தள்ளிக்கொண்டே ஓடினேன்.

பாலம் இறங்குமிடத்தில் ஒரு டீக்கடை. வாசலில் சைக்கிள் ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு நின்றது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலைந்து, முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் இரண்டு கிளாஸில் டீ ஆவி பறந்தது.

"எவ்ளோ நேரம்டா? உன் டீ ஆறிடப்போவுது."

சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது பால் வாங்க வந்த ஒரு பெண் அக்காவைக் கண்டுவிட்டு நின்றாள். அக்காவின் தெருவிலேயே இருப்பவள். மார்க்கெட்டுக்கு வா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனவர்களில் ஒருத்தி. அக்காவின் சுடிதாரை, சைக்கிளை, என்னை என்று மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது! எங்க இவ்ளோ தூரம்?"

அக்கா டீயை ஒரு வாய் குடித்தாள். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள்.

"எந் தம்பி கூட்டியாந்திருக்கான்" என்றாள்.

அந்தப் பெண் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. "நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போறேன், வரியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பால் பாக்கெட்டோடு போனாள். அக்கா வருகிறேன் என்றுதான் சொன்னாள்.

டீ குடித்து முடித்ததும் அக்கா எழுந்து சைக்கிள் கைப்பிடியில், பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்ன விளக்குகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு பாலத்தைப் பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்தும் அது ஏற்றமாகத்தான் தெரிந்தது.

"மூணு லைட்டு எரியுது. வூடு போய்ச் சேந்துடலாம்ல?" என்றாள்.